இலுப்பை மரத்தடியில் பிரிஞ்சி

அண்டாவை ஆட்டோவில் ஏற்றும்போதே வேடியப்பன் மூக்கை உறிஞ்சினான்.

“முன்னிக்கா, மாஸ்க்க தாண்டி வாசன வருது. எனக்கு ஒரு கரண்டி இப்பவே போட்டுட்டா வண்டி வேகமா போகும்.”

“மொதல்ல சாமிங்க சாப்புடட்டும். உனக்குக் கடைசி பந்தி.”

“வருஷா வருஷம் நான் கடைசி பந்திதான். ஆட்டோக்காரன் வயித்தெரிச்சல் சும்மா வுடாதுக்கா.”

முன்னி பேகம் சிரித்தாள். சிரித்த சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. 2020 மார்ச்சில் ஊர் அடைத்ததிலிருந்து அவளிடம் விளையாட்டாகப் பேசுகிறவன் இவன் ஒருவன்தான். அதுவும் வழியில் பார்த்தால்.

அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. திருவண்ணாமலையில், பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தவள். பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, அதே ஊரிலேயே கணவனை அடக்கம் செய்தவள். மகன் மொஹ்சினுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. மகள் சதஃப் கிருஷ்ணகிரியில் மூன்று பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முன்னி மட்டும் செங்கம் சாலையை ஒட்டிய ஓர் அறையில். பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. வெள்ளைக்காரர்கள் போனதும் அதுவும் மூடிக்கொண்டது. முதலாளி பின்கட்டு அடுப்பையும் பெரிய பாத்திரங்களையும் அவள் பொறுப்பில் விட்டுவிட்டு வேலூருக்குப் போய்விட்டார்.

அந்த வெள்ளைக்காரர்களில் ஒருத்திதான் இங்கிரிட். ஜெர்மனிக்காரி, எழுபது வயது. தீபாவளி முடிந்ததும் வருவாள், வெயில் ஏறியதும் போவாள். தெருவே அவளை ‘இங்கிரியம்மா’ என்றது. ஒரு டிசம்பரில், வீட்டு நினைப்பு தாங்காமல் சமையலறை வாசலில் வந்து நின்று, கிரிவலப் பாதையில் இருக்கும் சாமியார்களுக்கு ஏதாவது சமைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டாள். அப்படித் தொடங்கியதுதான் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்று இந்த மரத்தடிச் சாப்பாடு. அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் இரண்டு நாள் பண்டிகையாம். முதல் நாள் வீட்டுக்காரர்களோடு. மறுநாள் வருகிறவர்களோடு, போகிறவர்களோடு. இங்கே வீட்டுக்காரர்கள் என்று அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

இங்கிரிட் வைத்த விதி ஒன்றுதான். “நோ நேம், முன்னி. நான் இல்லை, நீ இல்லை. சாப்பாடு மட்டும்.” இலுப்பை மரத்தின் வேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவாள். வாய்விட்டு ஜெபம் கிடையாது, போட்டோ கிடையாது. முக்காடு போட்ட முன்னி அண்டாவுக்குப் பின்னால் நின்று தட்டை நிரப்புவாள். இங்கிரிட் முன்னால் நின்று கொடுப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு சாமிகூட முன்னியின் கையிலிருந்து நேராகத் தட்டு வாங்கியதில்லை. வாங்கவேண்டிய அவசியம் வரவில்லை. அதை அவளும் யோசித்ததில்லை, இந்த வருஷம் வரைக்கும்.

யோசிக்க வைத்தது கீரைக்காரி. ஏப்ரலில் ஏதோ வாட்ஸ்அப் செய்தி. நோயைப் பரப்புவதே துலுக்கர்கள்தானாம். பத்து வருஷமாகக் கீரை கொடுத்தவள் கூடையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “அங்கயே நில்லு பாயம்மா, தூக்கிப் போடறேன்” என்றாள். கட்டு காலடியில் வந்து விழுந்தது. ஜூனில் அவளே பழையபடி பேசினாள். முன்னியும் பேசினாள். ஆனால் கட்டு விழுந்த சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

டிசம்பர் பிறந்ததும் இங்கிரிட் போனில் வந்தாள். விமானம் இல்லை, வர முடியாது. “இந்த வருஷம் வேண்டாம், முன்னி. நீ தனியா. வேண்டாம்.”

“சரிம்மா” என்றுதான் முன்னி சொன்னாள்.

போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் அவளுக்குப் பண்டிகை இல்லை. ஆனால் கெஸ்ட் ஹவுஸில் தட்டு ஜன்னல் வழியாகப் போகும், காலியாக ஜன்னல் வழியாகத் திரும்பும். தான் சமைத்ததை மனிதர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதை அவள் கண்ணால் பார்ப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். இதில் புண்ணியம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. கொரோனாவுக்காக ரேஷனில் போட்ட அரிசி, தனி ஆளுக்கு மீந்துகொண்டே வந்தது. அதைச் சேர்த்தாள். தேங்காய்ப்பால் விட்டு, பட்டை கிராம்பு போட்டு, வெங்காயம் பூண்டு இல்லாமல் பிரிஞ்சி. சாமிகளுக்கென்று இங்கிரிட்டோடு சேர்ந்து கண்டுபிடித்த பக்குவம்.

வேடியப்பன் அண்டாவை மரத்தடியில் இறக்கிவிட்டு, “செங்கத்துக்கு ஒரு சவாரி இருக்குக்கா, போயிட்டு ஓடியாந்துடறேன்” என்று கிளம்பிப் போனான்.

பாதையோரம் உட்கார்ந்திருந்த மூன்று சாமிகளைத் தவிர ஆள் இல்லை. பௌர்ணமிக்கே கிரிவலம் வரக்கூடாது என்று தடை போட்ட வருஷம். மலை மட்டும் பனி கலைந்து பளிச்சென்று நின்றது. முன்னி மெழுகுவத்தியை எடுத்தாள். இதுவரை இங்கிரிட் ஏற்றும்போது முன்னி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். இன்று பிஸ்மில்லா சொல்லி அவளே ஏற்றினாள்.

முதலில் மூங்கில்சாமியிடம் போனாள். மூங்கில் தடியோடு மலையைச் சுற்றும் கிழவர். எந்த வருஷமும் முதல் தட்டு அவருக்குத்தான். தட்டை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளங்கையை விரித்து வேண்டாம் என்று ஆட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தவர் கும்பிட்டார். “இன்னைக்கு ஆவாதும்மா.”

மூன்றாமவர் தன் தூக்குவாளியின் மூடியை அழுத்தி மூடினார். “எனக்கும் வேணாம்.”

இன்னைக்கு ஏன் ஆகாது? கேட்டிருக்கலாம். வாய்வரை வந்ததுதான். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் கேட்கவில்லை. இங்கிரிட் முன்னால் நின்றபோது வாங்கிய கைகள் இவை. இன்று முன்னால் நிற்பது முக்காடு. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

தட்டிலிருந்த சோற்றை அண்டாவிலேயே கொட்டி மூடினாள். மரத்துக்கு மறுபக்கம் போய், பாதைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை. தூரத்தில் ஜும்மா பாங்கு கேட்டது. மெழுகுவத்தி பாதியாகி, வேரில் வழிந்து, யாரும் சாப்பிடாமலே அணைந்தது.

வேடியப்பன் வந்தபோது அவள் அப்படியேதான் இருந்தாள்.

“என்னாக்கா, கூட்டம் முடிஞ்சிட்ச்சா? எனக்கு வெச்சியா இல்லியா?” மூடியைத் தூக்கிப் பார்த்தவன், “அடப்பாவமே, அப்படியே கெடக்குது!” என்றான்.

“என் கையால வாங்க மாட்டாங்களாம்.”

“யாரு சொன்னா?”

“சொல்லணுமா? கைய ஆட்டுறாங்க, மூடிய மூடுறாங்க. நான் என்ன குருடியா?”

வேடியப்பன் சாமிகளைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் தன் தலையில் தானே ஓங்கி அடித்துக்கொண்டான்.

“யக்கா, இன்னைக்கு வைகுண்ட ஏகாதசி! சாதாரண நாள்ல எப்படியோ, இன்னைக்கு இவங்க அரிசிய தொட மாட்டாங்க. மூங்கில்சாமி வாயே தொறக்க மாட்டாரு. ஏகாதசிக்கு அவரு மௌனம்.”

முன்னி மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவள் பஞ்சாங்கம் பார்த்ததில்லை. ஊரின் சத்தத்தை வைத்துத்தான் இந்துக்களின் நாளைத் தெரிந்துகொள்வாள். விடியுமுன் ஸ்பீக்கரில் பாட்டு, பஸ்ஸில் நெரிசல், பூ விலை ஏற்றம். இந்த வருஷம் எந்தச் சத்தமும் அந்த அறைவரைக்கும் வரவில்லை.

“காலைல அத்தினி வாசன புடிச்சியே, அப்ப உனக்குத் தெரியல?”

“எனக்கு எங்கக்கா தெரியும்? நான் காலைலயே ரெண்டு முட்ட தோச தின்னவன். செங்கத்துல பெருமாள் கோயில் வாசல்ல கூட்டத்த பாத்தப்புறந்தான் உறைச்சது.” அண்டாவை மூடிவிட்டு, “வா, பஸ் ஸ்டாண்டுக்குப் போலாம். அங்க யாருக்கும் ஏகாதசி கெடையாது” என்றான்.

உண்மைதான். பஸ் ஸ்டாண்டில் அண்டா காலியாகக் கொஞ்ச நேரம்தான் ஆனது. சுமை தூக்குகிறவர்கள், கண்டக்டர்கள், திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு குடும்பம். இடைவெளி விட்டு நின்று வாங்கி, ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். ஒருவர்கூட அவள் கண்ணெதிரே உட்காரவில்லை. வேடியப்பன் மட்டும் ஆட்டோவில் சாய்ந்து இரண்டு தட்டு தின்றான்.

“நாளைக்குக் காலைல விரதம் முடிப்பாங்க” என்றான் கையை நக்கிக்கொண்டே. “அகத்திக்கீர, நெல்லிக்கா, சோறு. எங்க பெரியம்மா செய்யும்.”

அவளுக்கு வீட்டு டப்பாவில் தனக்கென்று வைத்திருந்த அரிசி ஞாபகம் வந்தது. அது கொஞ்சம். மரத்தடிக்குப் போதும். ஆனால் காரணம் ஏகாதசி மட்டும்தானா? அதை நாளைக்குத் தட்டை நீட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும். பகலில் கேட்கப் பயந்த கேள்வியை இனிக் கேட்டாக வேண்டும்.

சாயங்காலம் கீரைக்காரியிடம் போனாள். “அகத்திக்கீர ரெண்டு கட்டு குடு.” கீரைக்காரி கட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள். முன்னி கொஞ்ச நேரம் கையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அடுப்பைப் பற்ற வைத்தாள். இந்தத் தடவை ஆட்டோ இல்லை. ஒரு கையில் சோற்றுக் குண்டான், மறு கையில் கீரைத் தூக்கு. மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது கை இரண்டும் மரத்திருந்தன. வெயில் மலையின் தோளில் ஏறிக்கொண்டிருந்தது.

மூங்கில்சாமி குளித்துவிட்டு, திருநீறு ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தார். அவள் தட்டை நீட்டினாள்.

கிழவர் இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் கீரையைத் தொட்டு நாக்கில் வைத்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

“பிரிஞ்சி எங்க தாயே?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுச்சு சாமி.”

“நேத்து தட்ட கொண்டாந்து மூக்குக்கிட்ட நீட்டிட்டியே! பகவான் நாமத்த நெனைக்க உக்காந்தா பட்டயும் கிராம்புந்தான் நெனைப்புல வருது. என் ஏகாதசியே போச்சு உன்னால.” மற்ற இருவரும் சிரித்தார்கள். “வெள்ளக்காரம்மா வரலியா?”

“வர முடியல சாமி.”

“சரி. கீரைல உப்பு கம்மி.”

அவ்வளவுதான். பேர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் நின்று பார்த்தாள். இரண்டாவது தடவை கேட்டவருக்குத் தன் பங்கையும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தடியை ஊன்றி ஒவ்வொருவராக அடி அண்ணாமலைப் பக்கம் நடந்துவிட்டார்கள். மரத்தடி மறுபடி காலியானது.

போனை எடுத்து இங்கிரிட்டின் பெயரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: அங்கே இன்னும் இருட்டு, தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்தால் அவளுக்கும் இன்று பண்டிகைதான், இரண்டாம் நாள். மொஹ்சின் ஷிப்டில் இருப்பான். சதஃபிடம் சொன்னால், தனியா ஏம்மா அவ்ளோ தூரம் தூக்கினு போனே என்பாள்.

முன்னி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குண்டானின் அடியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டி எடுத்து, தூக்கில் மீந்த கீரையோடு பிசைந்து வாயில் போட்டாள். உப்பு கம்மிதான். நேற்றைய மெழுகு வேரில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.