கிளட்ச்சைப் பிடித்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் இடது கை விரல்களில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

நான் கிராம சுகாதார செவிலியர். கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் காலையில் வெள்ளிமலைக்கு ஏற வேண்டும். அதற்காக என் கணவர் தமிழ்வேந்தன் சின்னசேலத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கித் தந்தார். வாங்கிய சில மாதங்களிலேயே இரண்டு முறை கிளட்ச் பிளேட் கருகிவிட்டது.

மெக்கானிக் ஆதிமூலம் கருகிய பிளேட்டை என் மூக்கருகே நீட்டினார்.

"கிளட்ச் லிவர் மேலயே வெரல வெச்சிக்கினு ஓட்டறீங்களா சிஸ்டர்?"

"இல்லண்ணே."

பக்கத்தில் நின்ற என் கணவர் சிரித்தார். "கொழம்ப அடிப்புடிக்க வுட்டுட்டும் இப்டித்தான் இல்லம்பா."

வீட்டுக்கு வந்ததும் அவர் சிரிக்கவில்லை. "இன்னொருவாட்டி கருகிச்சுன்னா வண்டிய வித்துடுவேன். வேலைய வுட்டுட்டு வூட்ல கெட."

அவர் சொல்லும் தவறுகளையெல்லாம் நானே செய்ததாக நம்பிப் பழகியவள் நான். இதையும் நம்பினேன். ஒருவேளை என் விரல்கள் எனக்கே தெரியாமல்...

மறுநாள் கியர் மாற்றும்போது தவிர லிவரைத் தொடவே இல்லை. விரல்களை மடக்கிக் கைப்பிடியை மட்டும் பிடித்திருந்தேன். செவிலியர் வேலை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

கார்த்திகை மாதம். காலை ஆறே முக்கால். மலையெங்கும் பனிமூட்டம்.

பெரிய வளைவுக்கு முன்னால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல...

திரும்பினேன். சீட் காலி.

வளைவில் எஞ்சின் அலறியது. வண்டி ஏறவில்லை. கருகல் வாடை.

கீழே பார்த்தேன்.

என் விரல்கள் கைப்பிடியில்தான் இருந்தன. லிவர் தானாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மெல்ல... என் விரல்களின் மேல் பதிந்தது. அழுத்தியது.

கையை இழுத்தேன். வரவில்லை.

பிடரியில் சூடான மூச்சு.

வண்டி பின்னால் உருண்டது...

பிரேக்.

நின்றது. பின்சக்கரத்தை ஒட்டிப் பள்ளம்.

'டக்'.

லிவர் விட்டது.

வண்டியை உருட்டிக்கொண்டே இறங்கினேன். வீட்டில் அவரிடம் கையைக் காட்டினேன். நான்கு விரல்களின் குறுக்கேயும் லிவர் பதிந்த கோடு.

"எங்கியோ வுழுந்துட்டு கத வுடறியா? ஞாயித்துக்கெழம நானும் வரேன். பின்னாடி ஒக்காந்து சொல்லித் தரேன்."

பட்டறையில் ஆதிமூலம் என் விரல்களைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இந்த வண்டிய முன்னாடி வெச்சிருந்தவரு அவரு சம்சாரத்துக்கு ஓட்டக் கத்துக் குடுத்தாரு. பின்னாடி ஒக்காந்துகினு. வெள்ளிமல ரோட்டு பெரிய வளைவுல அந்தம்மா பயந்திருக்காங்க. இவரு அவங்க கை மேல கைய வெச்சு கிளட்ச்ச அமுக்கிட்டாரு. வண்டி பின்னால உருண்டு பள்ளத்துல போயிடுச்சு. அந்தம்மா அங்கயே முடிஞ்சிட்டாங்க. நாலு வெரலும் லிவருக்கடியில நசுங்கிக் கெடந்துச்சு."

"அவரு?"

"அவருக்கு இன்னா, நல்லாத்தான் கீறாரு. வேற கல்யாணமும் கட்டிக்கினாரு."

செத்தவர்கள்தான் பேயாக வருவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"எங்க வூட்டுக்காரரு இதத் தெரியாம வாங்கிட்டாருண்ணே."

ஆதிமூலம் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும் சிஸ்டர். வாங்கறதுக்கு முன்னாடியே நாந்தான் சொன்னேன்."

நாளை ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஹெல்மெட். என்னுடையது.

கண்ணாடி முன்னால் நின்று, அது தன் தலைக்குப் பொருந்துகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.