கறுப்புத் துணிக்குள் உச்சிவெயில்

போட்டோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைகிற அன்பர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்ற சித்திரையில், சேரன்மகாதேவி ஆற்றுமணலில் ஒரு மிராசுதார், தம் குடும்பத்தையும் புதிதாக வாங்கிய காளைகளையும் படம் எடுக்க என்னை அழைத்திருந்தார். காலையிலிருந்தே காளைகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. படம் பதியும் கண்ணாடித் தகடுகள் சூடேறாமல் ஈரச்சாக்குப் போட்டு மூடிய நான், என் தலையைப் பற்றி நினைக்கவில்லை. உச்சிவேளையில்தான் எல்லாம் கூடிவந்தது. "நான் துணிக்குள்ளேருந்து வெளிய வாரவரை யாரும் அசையக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வெளிச்சம் புகாமல் பெட்டிமேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன்.

உள்ளே அடுப்பு போல அனல். பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த காளைகள் ஆடின. பிறகு ஒரே இருட்டு. துணியோடு மணலில் சாய்ந்துவிட்டேன்.

ஒருவரும் வரவில்லை. உதட்டை அசைக்காமல் மிராசுதார் கேட்டது மட்டும் காதில் விழுந்தது: "அண்ணாச்சி, இப்ப அசையலாமா?"

"அவுக விழுந்து கெடக்காவ, அசையலாமான்னு கேக்கியளே!" என்று அவர் மனைவி ஓடிவந்து துணியை உருவி, முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

தெளிந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். கறுப்புத் துணியைத் தொட்டேன்; கை சுட்டது. மிராசுதார் பக்கத்தில் மணல்மேல் போட்டிருந்த வெள்ளைத் துண்டோ அவ்வளவு சுடவில்லை. இரண்டின் மேலும் அடித்தது ஒரே வெயில்தானே, ஏன் இப்படி? அறிந்தவர்கள் எழுதலாம். காரணம் தெரியாமலே, கறுப்புத் துணியின் மேல் வெள்ளைத் துணியை வைத்துத் தைத்துக்கொண்டேன். உள்ளே இருட்டு அப்படியே இருக்கிறது. அனல்தான் வெகுவாகக் குறைந்தது.

கட்டளையையும் திருத்திவிட்டேன்: "யாரும் அசையக் கூடாது. நான் விழுந்தா மட்டும் அசையலாம்."