ஒரு நட்டும் மூன்று நிபுணர்களும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். விபத்து இல்லை. விருப்பப்பட்டுத்தான் படுத்தேன். மறுநாள் ஆபீஸில் "என்ன சார், முதுகைப் பிடிச்சுக்கிட்டே நடக்கறீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி முடியாது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

லாரி என் மைத்துனன் தேவராசுவுடையது. லாரி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மூன்று பேர் ஓட்டி ஓய்ந்து, நாலாவதாக இவன் தலையில் கட்டிய வண்டி. மரக்காணம் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போகும், வரும். சில நாள் போகும்... அவ்வளவுதான். அவன் தெருவில் இடம் போதாது என்று நிறுத்துவது எங்கள் வீட்டு வாசலில்.

இந்த வருஷம் தேவராசுவுக்கு ஒரு புது ஆசை. அடுத்தவன் உப்பைச் சுமந்தது போதும் என்று சொந்தமாக நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்தான். மாசி மாதத்திலிருந்து வெயிலில் நின்று, பாதமெல்லாம் வெடித்து, அவனே வாரிக் குவித்த உப்பு வரப்பு மேல் அம்பாரமாகக் கிடந்தது. ஓலை போட்டு மூடவில்லை. கேட்டால், "வைகாசியில எங்க மாமா மழை வரப்போவுது?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

ஞாயிறு காலை கிழக்கே பார்த்தால், கடலுக்கு மேல் வானம் மை பூசினாற்போல் இருந்தது.

மூடாத உப்பின் மேல் ஒரு நல்ல மழை அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? நாலு மாத உழைப்பு வந்த வழியே கடலுக்குத் திரும்பிப் போய்விடும். தேவராசு முகம் வெளுத்துவிட்டது. அவசர அவசரமாகப் பனையோலை வாங்கி லாரி நிறைய அடுக்கினான். அளம் ஒரு மைல் தூரம்தான். டிரைவர் காதர் பாய் வண்டியைக் கிளப்பினார். பத்தடி போனது. இருமியது. நின்றது.

காதர் பாய் கூனிமேட்டுக்காரர். ஒற்றை லாரி வைத்திருக்கும் தேவராசுவை 'மொதலாளி' என்று கூப்பிடும் பெருந்தன்மைக்காரர். அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"டீசல் பைப்புல துரு அடச்சிருக்குது மொதலாளி. ரெண்டு பக்கமும் கழட்டி, ஊதி உட்டா போதும். பத்து நிமிசம்."

இந்தப் பத்து நிமிஷம் என்பது இருக்கிறதே... மெக்கானிக்குகளும் டிரைவர்களும் வைத்திருக்கும் கடிகாரமே வேறு கம்பெனி!

இன்ஜின் பக்கத்து நட்டு சமர்த்தாகக் கழன்றது. டாங்க் பக்கத்து நட்டு அசையவில்லை. உப்பு மூட்டையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்குவது நேராக அதன் தலையில்தான். நட்டு எது, பைப் எது என்றே தெரியாமல் ஒரே துருக்கட்டி. ஸ்பேனர் போட்டு அழுத்தினால், நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொண்டது. விட்டுவிட்டார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். சுத்தியலால் தட்டினார்கள். ஸ்பேனர் வழுக்கி, நட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம்.

"கொஞ்சம் நெருப்பு காட்னா எளகும் பாய்" என்றான் தேவராசு.

"யா அல்லா! பக்கத்துல டீசல் டாங்க் இருக்குது மொதலாளி. நட்டும் எளகும், நாமளும் எளகிப்புடுவோம்."

இந்தக் கட்டத்தில்தான் நான் லுங்கியை மடித்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் நம் ஊரில் ஒரு வண்டி நின்றால், சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற ஆண்பிள்ளை உண்டா? எனக்கும் ஒரு மானம் இருக்கிறதே.

என் மனைவி அஞ்சலை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள். அப்புறம் எங்கள் ஆறு கால்களைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு மைலுதான? ஓலையத் தலையில தூக்கினு போயிடலாமே. எத்தினி நடை ஆயிடப்போவுது?"

லாரிக்கு அடியிலிருந்து தேவராசு கத்தினான். "லாரி வெச்சிருக்கிறவன் அக்கா தலையில ஓலை தூக்கினு போனா ஊரு சிரிக்காதா? சும்மா இரு அக்கா. பத்து நிமிசம்!"

அவள் சும்மா இருக்கவில்லை. அளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூவரும் லாரியிலிருந்து ஓலையை இழுக்க ஆரம்பித்தார்கள். வண்டி ஆடியது. என் கண்ணில் துரு உதிர்ந்தது.

"வேலை நடக்கற நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்கம்மா!" என்று அதட்டினேன். எவ்வளவு பொறுப்பான மனிதன், பாருங்கள்.

காதர் பாய் கை ஓய்ந்து மல்லாந்தார். "எனக்கு ஒண்ணு புரியல சார். இந்த வண்டியத் தெனம் தவறாம கழுவுறேன். அப்பறம் எப்டி இவ்ளோ துரு?"

"எங்க கழுவுறீங்க பாய்?"

"அளத்து வாய்க்கால்லதான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அளத்து வாய்க்கால் என்பது பாத்திக்குக் கடல் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்கால். உப்பு லாரியை உப்புத் தண்ணீரில் தினமும் குளிப்பாட்டும் மகான் உலகத்திலேயே மரக்காணத்தில்தான் இருப்பார் என்றேன். ஓலைக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த அஞ்சலை நின்றாள்.

"ரொம்ப சிரிக்காதீங்க. நம்ம கெணத்துல கழுவினு இருந்தவரு அவரு. 'தண்ணி வத்திடும், வாய்க்காலுக்கு எடுத்துனு போ'ன்னு தொரத்தினது யாரு?"

நான்தான். போன வருஷம். அதற்கப்புறம் தினமும் வாய்க்கால் குளியல்தான்.

"நீங்க ஆபீஸ்ல இருக்கிறவரு. சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார்" என்றார் காதர் பாய். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். நாலு மாத உப்பு அங்கே திறந்து கிடக்கிறது. அதைக் கரைக்க மழையோடு சேர்ந்து நானும் ஒரு வருஷமாகப் பாடுபட்டிருக்கிறேன். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

வெட்கம் வந்தால் மனிதனுக்கு ஒரு முரட்டு பலமும் வரும்போலிருக்கிறது. பெரிய ஸ்பேனரை வாங்கினேன். நான் தலையைப் பின் சக்கரத்துப் பக்கம் வைத்துப் படுத்திருந்தேன், காதர் பாய் முன் சக்கரத்துப் பக்கம். "எடது பக்கமா இழுங்க சார்!" என்றார். யாருடைய இடது? கேட்க நேரமில்லை. தேவராசு பைப்பை இன்னொரு ஸ்பேனரால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, என் இடது பக்கமாக, மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன்.

'டக்'!

நட்டு அசைந்துவிட்டது. கழலவில்லை... இன்னும் இறுகியது. நான் இழுத்தது தப்பான திசை! சத்தம் போடாமல் ஸ்பேனரை மறுபக்கம் மாற்றிப் போட்டேன். வெண்ணெய் மாதிரி வந்தது.

காதர் பாய் பரவசமாகிவிட்டார். "ஒரு தபா டைட் பண்ணி, துருவ ஒடச்சு, அப்பறம் லூஸ் பண்றீங்களே! பெரிய பெரிய மேஸ்திரிக்குத்தான் தெரியும் சார் இந்த வித்தை. எங்க கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் ஓர் அனுபவம்தான் பாய்" என்றேன். உண்மையை இன்றைக்கு உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். காதர் பாய்க்குப் பத்திரிகை படிக்கிற பழக்கம் இல்லை.

டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் பைப்பை ஊதி, துருவை வெளியேற்றி, மறுபடி மாட்டினோம். வண்டி உறுமியது. தேவராசு ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான். அளத்து வரப்புவரை அப்படியே கொண்டுபோய் நிறுத்தினோம். பின்னால் திரும்பிப் பார்த்தால், லாரியில் ஓர் ஓலைகூட இல்லை.

அம்பாரம் மூடியிருந்தது. அடியிலிருந்து உச்சிவரை வரிசை வரிசையாக ஓலை, அதன் மேல் கயிறு, கயிற்று முனையில் கல். அஞ்சலையும் அந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேவராசு இறங்கிப் போய் ஓலையைத் தொட்டுப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது பையனுக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமையில் எனக்குக் கிண்டலே தோன்றாத ஒரே நிமிஷம் அது.

அப்போது முதல் தூறல் விழுந்தது.

"லாரி எதுக்குடா கொண்டாந்த?" என்றாள் அஞ்சலை.

"உங்கள ஏத்தினு போவத்தான்க்கா. மழை வருது, ஏறு."

அவள் வானத்தைப் பார்த்தாள். காலடியில் களிமண்ணைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள்.

"நீங்க வாங்க. நான் முன்னாடி போயி சோறு ஆக்கிடறேன்."

மூவரும் நடந்தே போய்விட்டார்கள். நாங்கள் மூன்று நிபுணர்களும் கம்பீரமாக லாரியில் ஏறினோம். மழை கொட்டியது. வரப்பு குழைந்தது. பின் சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கின.

நாங்களும் நடந்துதான் வந்தோம், சொட்டச் சொட்ட. சோறு ஆறியிருந்தது. லாரி இன்னும் அளத்திலேயே நிற்கிறது — நல்ல ஓடுகிற கண்டிஷனில்!