சத்தியத்தை முறிக்கச் சொன்ன பிலோமினா அக்கா

கடிதம் நான் இப்போது படிப்பிக்கும் பளைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது பிலோமினா அக்காவை அடக்கம் செய்து மூன்று நாளாகியிருந்தது. குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில் முன்பு என்னோடு படிப்பித்த ஆசிரியை எழுதியிருந்தார். நெஞ்சுவலியாம், ஒரு பகல்தான் படுக்கையில் கிடந்தாராம். முல்லைத்தீவுச் சேமக்காலைக்குச் சவப்பெட்டியோடு இரண்டு லொறிகளில் ஆட்கள் போனார்களாம். "நீர் மட்டும்தான் இல்லை" என்று கடைசி வரி. வகுப்பில் பிள்ளைகள் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் வாய்பாடு முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு புத்தகங்கள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

குடியேற்றத்தில் இதை வாசிக்கிறவர்களில் பலருடைய பிள்ளைகளை முதலில் தூக்கிய கைகள் அவருடையவை. புதுக்குடியிருப்புக்கு அப்பால் காடு வெட்டி உண்டான எங்கள் குடியேற்றத்துக்கு அரசாங்க மருத்துவிச்சியாக அவர் வந்தார். முல்லைத்தீவுக் கடற்கரையில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளைப்பேறு பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். ஆனால் எங்கள் ஊரில் அவருக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று காத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் சொந்தபந்தத்தை விட்டு வந்த ஆண்கள் காட்டுக்குள் காய்ச்சிய கசிப்பைக் குடித்தார்கள். குடித்துவிட்டுப் பெண்களை அடித்தார்கள். தடுக்க மாமனும் இல்லை, மச்சானும் இல்லை.

நெல் விற்ற காசு குடிக்குப் போன நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பொழுது சாயுமுன் பெண்கள் வீட்டிலிருந்த காட்டுக்கத்தி, கோடாலி, உலக்கை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அக்காவின் டிஸ்பென்சரிக்கு வருவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துணித்துண்டு கட்டிப் பெயர் எழுதி, பின்னறையில் அடுக்கிப் பூட்டுவார் அக்கா. ஒருநாள் ஒருவன் வந்து கோடாலியைக் கேட்டுக் கதவை உதைத்தான். விறகு கொத்த வேண்டுமாம். "விடிய வந்து வாங்கும். மரம் ஓடிப்போகாது" என்றார். அவன் அவருடைய கன்னத்தில் அறைந்துவிட்டு மறுபடியும் உதைத்தான். பலகை பிளந்து அவனுடைய கால் கிழிந்தது. இரத்தம் வழியும் காலோடு அவனைக் கதிரையில் இருத்தி, தன் கன்னம் வீங்கிக்கொண்டிருக்க, நான்கு தையல் போட்டார். காலையில் கோடாலியையும் கொடுத்தார்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் நல்லையா தினமும் குடிப்பவர். வெறி முறியாத ஒரு காலையில் தன் மனைவியை, என் மச்சாளை, தலைமயிரில் பிடித்து வாய்க்கால் வரம்பு நீளத்துக்கு இழுத்துவந்து, மண்வெட்டிப் பிடியால் வாயில் அடித்தார். முன்பற்கள் இரண்டு மண்ணில் விழுந்தன. மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து அவற்றைத் தேடியதை நான் பார்த்தேன். அக்கா உதட்டைத் தைத்தார். எனக்குத் தையல் போதவில்லை. படித்தவள், ஊருக்கே டீச்சர். அண்ணனைத் திருத்தும் பொறுப்பு என்னுடையது என்று எண்ணினேன். மறுநாளே அவரை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஊர் பார்க்க, படியில் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணினார். எங்கள் ஊரில் குடிக்கு வைத்தியம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்கு உடல் நடுங்கத் தொடங்கியது. சுவரில் பாம்பு ஊர்கிறது என்றார். மச்சாளின் கழுத்தைப் பாம்பென்று நினைத்து நெரித்தார். நான்கு பேர் சேர்ந்து அவரைப் பிரித்தெடுத்துக் கோயில் வேம்பில் கட்டினார்கள். அவர் குடித்திருக்கிறார், சத்தியத்தை முறித்ததால் தெய்வம் பேயை ஏவிவிட்டது என்றார் பூசாரி. வேப்பங்கொத்தால் அடித்தார்கள். பேய் போகவில்லை. வாரால் அடித்தார்கள். முதுகுத் தோல் உரிந்தது. இரத்த உரித்துள்ள கை அடித்தால்தான் போகும் என்று சொல்லி, பூசாரி என்னிடம் ஒரு பூவரசந்தடியைத் தந்தார்.

நான் அடித்தேன். இரண்டு அடி அவருடைய தோளில் விழுந்தன. அவர் "தங்கச்சி" என்று கூப்பிட்டார். பேய் பேசுகிறது என்றார்கள். நான் பேயை அடிக்கவில்லை. மச்சாளின் பற்களுக்காக அண்ணனை அடித்தேன். அதை அந்த நேரத்திலேயே அறிந்திருந்தேன். மூன்றாவது அடியை அவருடைய தலைக்கு ஓங்கினேன்.

பிலோமினா அக்கா எங்கிருந்து ஓடிவந்தார் என்று நான் காணவில்லை. குறுக்கே ஒரு கை நீண்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மணிக்கட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அண்ணனின் முகத்தருகே குனிந்து அவர் கேட்டது ஒன்றுதான்.

"நல்லையா, கடைசியா எப்ப குடிச்சனீர்?"

"மூண்டு நாள், அக்கா. அம்மனாணை."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இந்த மனிசன் சத்தியத்தை முறிக்கேல்லை. காப்பாத்தினபடியாத்தான் சாகப்போறார். என்னைப் பெத்த அப்புவும் இப்பிடித்தான். அந்தோனியாருக்கு முன்னாலை சத்தியம் பண்ணி, மூண்டாம் நாள் ஆரோ கூப்பிடுகினம் எண்டு கடலுக்குள்ளை நடந்து போனவர். கனகாலம் குடிச்ச உடம்பை ஒரேயடியா நிப்பாட்டக் கூடாதெண்டு பிறகுதான் டொக்டர் சொன்னார்." முறிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு தொடர்ந்தார்: "உம்மட அம்மனிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறன். நீர் போய்ச் சாராயம் வாங்கிக்கொண்டு வாரும். கசிப்பு வேண்டாம், லைசென்ஸ் உள்ள தவறணைச் சாராயம்."

கட்டை அவிழ்க்க யாரும் முன்வரவில்லை. மச்சாள்தான் அவிழ்த்தார். கழுத்தில் விரல் தடங்கள் சிவந்திருந்தன.

நான் பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போனேன். தவறணை வாசலில் என் மாணவன் ஒருவனின் தகப்பன் நின்றார். "ஆருக்கு டீச்சர், உங்களுக்கோ?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனுக்கு என்றேன். அந்தத் தகப்பனும் கோயிலில் அண்ணனின் சத்தியத்துக்குச் சாட்சி நின்றவர். சிரிப்பை நிறுத்திவிட்டு எனக்கு வழிவிட்டார். திரும்பி வந்ததும் மருந்துக் கிளாஸில் அக்கா அளந்து தர, என் கையாலேயே அண்ணனின் வாயில் ஊற்றினேன். முதல் மடக்கில் பாதி என் சேலையில் கொட்டியது. அண்ணன் என்னைப் பார்த்து அழுதார், அம்மன் பார்க்கிறா என்று.

பத்து நாள் டிஸ்பென்சரிக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் அவரை வைத்திருந்தார் அக்கா. கஞ்சியும் சீனித்தண்ணீரும் தந்தார். சாராயத்தை நாளுக்கு நாள் குறைத்தார். நான்காம் நாள் வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்து வாய் நிறைய இரத்தம். அன்று அவர் போய்விட்டார் என்றே நினைத்தேன். பிழைத்தார். பதினோராம் நாள் கோயிலுக்குத் தானே நடந்துபோய் மறுபடியும் கற்பூரம் அடித்தார். இரண்டு வருடம் கழித்து ஒருமுறை தவறினார்; அப்போதும் தானாகவே கொட்டிலுக்குப் போய்ப் படுத்தார். மச்சாள் அவருக்குச் சோறு போட்டார். முகம் பார்த்துக் கதைக்க ஒரு வருடத்துக்கு மேல் சென்றது.

பிறகு நடந்ததை ஊர் அறியும். சத்தியம் பண்ண வருகிறவனைப் பூசாரியே முதலில் கொட்டிலுக்கு அனுப்பினார். ஆண்கள் அதைப் "பிலோமினா தவறணை" என்று பகிடி பண்ணினார்கள். "மற்றத் தவறணையிலை நாளுக்கு நாள் கூடும், இஞ்சை குறையுதே அக்கா" என்று ஒருவர் முறையிட்டபோது, "அதுதான் இஞ்சை கடன் இல்லை" என்றார். எல்லோரும் தேறவில்லை. இருவர் கொட்டிலிலேயே இறந்தார்கள். ஒருவன் திரும்பிப்போய் மனைவியைக் கொன்றான். அந்தப் பெண்ணின் உடலைக் கழுவியவரும் அக்காதான்.

அக்காவின் மணிக்கட்டு கடைசிவரை நிமிரவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்ததாக உங்களுக்குச் சொல்லியிருப்பார். அன்று வேம்படியில் நின்ற ஏழெட்டுப் பேரையும் அப்படியே சொல்லவைத்தார். பளைக்கு மாற்றலாகிப் போகுமுன் அவரிடம் போய், உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லி? உமக்குப் பாரம் குறையும், எனக்குக் கை நிமிராது," என்றார். "ஊருக்கு இருக்கிறது ஒரு பெண் டீச்சர். அவா ஆளை அடிச்சு எலும்பு முறிச்சவா எண்டால், பெட்டையளை ஆர் பள்ளிக்கூடம் அனுப்புவினம்? நான் செத்தாப்பிறகு சொல்லும்."

சொல்லிவிட்டேன், அக்கா.

இங்கே என் வகுப்பில் பிரம்பு இல்லை. தவணை தொடங்கும்போது அதிபர் ஒன்றை அனுப்பிவைப்பார்; அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு இளகிய மனம் என்று அவர் மற்றவர்களிடம் சொல்வதுண்டு. மனம் இளகியதல்ல. என் கைக்கு என்ன செய்யத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அந்த வளைந்த மணிக்கட்டால் பிலோமினா அக்கா பிள்ளைகளை ஏந்தியதைப் பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.