நிலாவுக்கு

இத்தாலியில், பல்லரோ சந்தையில் பழைய சிறுவர் புத்தகமொன்றை விரித்ததும், அதன் ஈரக் காகித வாசனை என்னை லிபெர்த்தா வீதியில் அம்மா வேலை செய்த வீட்டுக்கு இழுத்துச் சென்றது. இன்று அங்கே விடுதி நிற்கிறது. அப்போது, சிறுவர்களுக்கு மாயக்கதை எழுதும் நாங்கள் 'சிஞ்ஞோரா' என்றழைத்த ஆங்கிலேயப் பெண்மணி தட்டச்சு செய்ய, அம்மா அவருடைய உடுப்புகளை மினுக்க, டக்டக் ஒலியும் இஸ்திரிப்பெட்டியின் நீராவிச் சீறலும் கலக்க, இருவரும் அரைகுறை இத்தாலியத்தில் கதைத்துக்கொண்டிருக்க, நான் மேசைக்கடியில் படம் கீறுவேன்.

அவர் எழுதிய நூல்தான் இது. முதல் பக்கத்தில், "வன்னியில் நான்கு வயதில் இறந்த நிலாவுக்கு. என் கதையில் அவள் வளரட்டும்" என்றிருந்தது.

வன்னி அம்மாவின் ஊர். உடனே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அம்மா, நிலா ஆர்?"



"உன்ரை அக்கா. சிஞ்ஞோராவிட்டை மட்டுந்தான் சொன்னனான்."

இத்தனை வருடமும் நான் ஒற்றைப் பிள்ளை. சந்தை இரைச்சல் காதில் விழவில்லை.

"பிள்ளை, கதையிலை அவளுக்கு இப்ப எத்தினை வயசு? வாசிச்சுச் சொல்லு."