ஒற்றை வரியில் காலியான குப்பம்

எர்ணாவூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தையே ஒற்றை வரியில் காலி செய்தவன் நான். புல்டோசருக்குக்கூட அந்தச் சாமர்த்தியம் வராது. மழைவெள்ளத்தோடு வீடுகளுக்குள் ஆலை எண்ணெய் புகுந்திருந்தது. கழுவ ஆள் அனுப்புவதற்காக மாநகராட்சியில் என்னிடம் வரைபடம் கேட்டார்கள். திரையில் வீட்டுக்கு ஒன்றாகப் புள்ளிகள், ஒரே நெரிசல். 'சொத்து வரி எண் உள்ள வீடுகளை மட்டும் காட்டு' என்று கம்ப்யூட்டருக்கு ஒரு நிபந்தனை எழுதினேன். படம் லட்சணமாகிவிட்டது, பாராட்டும் கிடைத்தது. வரி எண்ணே இல்லாத குப்பம் மறைந்துபோனதை என் கலை ரசனை கவனிக்கவில்லை. ஆட்கள் படத்தைப் பார்த்தே வந்தார்கள், படத்தைப் பார்த்தே திரும்பிவிட்டார்கள்.

பிறகு நிபந்தனையை நீக்கினேன். குப்பம் பழையபடி திரைக்கு வந்தது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். வீட்டுக்குள் எண்ணெயை வழித்துக்கொண்டிருந்த மீன்காரம்மா நிமிரக்கூட இல்லை.

"படத்துல வூடு வந்துச்சா? அப்ப அந்த வூட்ட நீ கழுவு நைனா, இத்த நான் கழுவிக்கிறேன்."