ஒன்றரை மீட்டரில் ஒரு கப்பல்

பிரவின்குமார் கடலைப் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போகும்போது. அப்போதும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் மூன்று மாதமாக மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் கடல் வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு அதிலுள்ள சுருக்கெழுத்துகளை மனப்பாடம் செய்தார். எஸ் என்றால் மணல், எம் என்றால் சேறு, ஆர் என்றால் பாறை.

காரணம் இல்லாமல் இல்லை. பதினான்கு வருஷமாக நெய்வேலிச் சுரங்கத்தில் பம்பு ஓட்டுகிறார், காண்ட்ராக்டில். அடியில் ஊறும் தண்ணீரை இறைப்பார், மறுபடி ஊறும், மறுபடி இறைப்பார். பர்மனென்ட் ஆகிவிடும் என்று பத்து வருஷம் நம்பினார், அப்புறம் நம்புகிற மாதிரி நடித்தார். கடலூர் முதுநகரில் ஒரு கம்பெனி, கடலில் ஆழம் அளக்கிற சின்னக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் சுக்கான் பிடிக்கும் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டார். இனி ஜென்மத்துக்கும் பம்பைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் அவர் ஆசை.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் மனைவி சண்முகப்பிரியாதான் வரைபடத்தைப் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்தாள். கேள்வி கேட்பதும் அவள்தான்.

“ஈ.டி.ன்னா?”

“இருக்குதா இல்லையான்னே சந்தேகம். யாரோ பாத்ததா சொன்னாங்க, அப்புறம் ஒருத்தரும் பாக்கல.”

“உங்க பர்மனென்ட் ஆர்டர் மாதிரி.”

“ஏய், அடுத்தத கேளு.”

ஒன்று விடாமல் ஒப்பித்தார். வரைபடம் முழுக்க இறைந்து கிடந்த எண்களைப் பற்றி மட்டும் இருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. அதெல்லாம் மீட்டரில் ஆழம். சுரங்கத்து ஆளுக்கு ஆழத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

இன்டர்வியூ எடுத்தவர் கேப்டன் ஜெயராமன். சுருக்கெழுத்து இருபது கேட்டார், இருபதுக்கும் டக் டக்கென்று பதில் வந்தது. அசந்துபோய் ஒரு பென்சிலை நீட்டினார்.

“இந்த முகத்துவாரத்துலேருந்து நங்கூரம் போடுற இடம் வரைக்கும் கப்பல் போற வழிய கோடு போடுங்க.”

சுரங்கத்தில் ஆழம் கூடக் கூடத்தான் தண்ணீர் சீறும். உயிர்மேல் ஆசையுள்ளவன் மேல்தட்டிலேயே நிற்பான். பிரவின்குமார் பதினெட்டையும் இருபதையும் பத்திரமாக ஒதுக்கி, நாலு, மூன்று, ஒன்றரை என்று அழகாகக் கோடு இழுத்தார்.

“ஏன் இப்படி?”

“ஆழமான பக்கம் ஆபத்துங்க சார்.”

ஜெயராமன் கண்ணாடியைக் கழற்றினார். “கப்பலுக்கு ரெண்டரை மீட்டர் தண்ணி வேணும்யா! தரைதட்ட வச்சிட்டீங்க. அடி கிழிஞ்சு தண்ணி உள்ள வருது. இப்ப என்ன பண்ணுவீங்க?”

மூன்று மாதப் படிப்பும் போச்சு. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

“பம்ப போடுவேங்க சார். மொதல்ல சல்லடைய கழட்டி சேத்த வழிக்கணும். காத்து புடிச்சிகினா எவ்ளோ ஓட்டினாலும் ஏறாது. சத்தம் மாறுச்சுன்னா ஒடனே நிறுத்தணும்...”

பத்து நிமிஷம் மூச்சு விடாமல் சொன்னார். வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஜெயராமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுவாரமே ஆர்டர் வந்தது. ஜெராக்ஸ் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, கவரை மனைவியிடமே கொடுத்தார். சண்முகப்பிரியா சத்தமாகப் படித்தாள். கப்பலில் பம்பு ஆபரேட்டர், ஒன்பது மாதம், காண்ட்ராக்ட். சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“போறீங்களா?”

“ரெண்டு வருஷம் ஓட்டினா பர்மனென்ட் பண்ணுவாங்கன்னு யாரோ சொன்னாங்க,” என்றார்.

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கடைப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.